அருவித் தண்ணீரும் சிவப்புக் கோடு மாத்திரையும்

குற்றாலத்தில் ஜூனில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் தலைகள்தான். குளித்த பசிக்குக் கண்டதையும் சாப்பிட்டு, ராத்திரி வயிறு கலங்கினால் பலரும் தேடுவது டாக்டரை அல்ல, மெடிக்கல் ஷாப்பை. “லூஸ் மோஷனுக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே.” கிடைப்பது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்.

இதில் என்ன தப்பு என்பதற்குப் பதில், ஆற்றுத் தண்ணீரிலேயே இருக்கிறது. ஒரு சொட்டில் லட்சக்கணக்கான ஃபேஜ்கள் இருக்கக்கூடும். பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ்கள் இவை. பாக்டீரியாவின் மேலே ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்தி, பெருகி, கடைசியில் அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. ஃபேஜ் ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்ளும். சில இனங்கள் எதிரியின் மரபணுவில் ஒரு துண்டைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அடையாளம் கண்டு வெட்டும். ‘கிரிஸ்பர்’ என்பது அதுதான்.

வங்கதேசத்துக் காலரா நோயாளிகளிடம் கிடைத்த ஐசிபி1 என்ற ஃபேஜ் இன்னும் கெட்டிக்காரன். தன்னைத் தடுக்கக் காலராக் கிருமி வைத்திருக்கும் மரபணுத் தொகுதியை அது கிரிஸ்பரைக் கொண்டே வெட்டுகிறது. பாக்டீரியாவின் ஆயுதம் வைரஸின் கையில்! 2013-இல் வெளியான ஆய்வு இது.

ஃபேஜ் எப்போதும் நமக்கு நண்பனும் அல்ல. காலரா நச்சு இருப்பதை 1959-இல் கொல்கத்தாவில் எஸ்.என். டே நிரூபித்தார். அந்த நச்சுக்கான மரபணுவைக் கிருமிக்குக் கொடுப்பதே ஒரு ஃபேஜ்தான் என்பது 1996-இல் தெரியவந்தது. கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்வதாக ஹான்கின் என்ற ஆய்வாளர் 1896-இலேயே எழுதினார். அது ஃபேஜ்களின் வேலையாக இருக்கலாம் என்றாலும், அந்தக் கரைகளில் காலரா ஒழிந்துவிடவில்லை. ‘மூலிகைத் தண்ணி’ என்று அருவி நீரை அள்ளிக் குடிப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

ஃபேஜ் தன்னை மாற்றிக்கொள்ளும், மாத்திரை மாறாது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு முறையும் தாக்குப்பிடிக்கும் கிருமிகளே மிஞ்சிப் பெருகுகின்றன. வலுவான கடைசிக்கட்ட மருந்துகளையும் முறிக்கும் என்டிஎம்-1 மரபணு பற்றிய 2010 ஆய்வில், அதைச் சுமந்த 44 கிருமி மாதிரிகள் சென்னையில் எடுக்கப்பட்டவை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பேதிக்குத் தூக்கிக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. செஃபிக்சைம் போன்றவை 2014 மார்ச் முதல் ‘ஷெட்யூல் எச்1’ பட்டியலில் உள்ளன; டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு கட்டாயம் என்று பொருள்.

சாதாரண வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓஆர்எஸ் கரைசல். குழந்தைக்கு டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையும். மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டுபோவது ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து வேலை செய்யாவிட்டால், அடுத்ததற்குத் தாவுமுன் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

ஃபேஜையே மருந்தாக்கினால்? ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923 முதல் இயங்கும் எலியாவா நிறுவனம் அதைத்தான் செய்கிறது. யேல் பல்கலைக்கழகத்தார் 2016-இல் விவரித்த ஒரு ஃபேஜ், பாக்டீரியா மருந்தை வெளித்தள்ளப் பயன்படுத்தும் பம்ப்பையே பிடித்துக்கொண்டு நுழைகிறது. தப்பிக்க பாக்டீரியா அந்தப் பம்ப்பை மாற்றினால், பழைய ஆன்டிபயாட்டிக் மறுபடி வேலை செய்கிறது. நம்பிக்கை தரும் வழிதான். ஆனால் இன்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மருந்தல்ல. இணையத்தில் யாராவது விற்றால் முதலில் உரிமம் கேளுங்கள்.

சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடை கண்ணில் பட்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கோ, கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலோ மனுக் கொடுக்கலாம். பில் இருந்தால் இணைத்துவிடுங்கள்.