பாவித்த அச்சுப்பொறி: பல்லைப் பார்த்தே வாங்குவோம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். மாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். அச்சுப்பொறிக்குச் சரிவராது. நாம் அறிந்த மாதர் சங்கம் ஒன்றுக்கு, மூடப்பட்ட அலுவலகம் ஒன்றிலிருந்து வர்ண அச்சுப்பொறி இலவசமாகக் கிடைத்தது. இரண்டு மாதம் பாவிக்காமல் விட்டதில் மை காய்ந்து துவாரங்கள் அடைபட்டன. புதிய மைப்பெட்டிகள் வாங்கச் சேமிப்பில் கைவைத்தார்கள். சில வாரங்களில் பழைய கதைதான். இப்போது அதன்மேல் பூச்சாடி இருக்கிறது.

காணி விண்ணப்பம், கூட்ட அறிக்கை, கடன் விபரம் என்று ஒவ்வொரு தாளுக்கும் பஸ் ஏறிப் பட்டணம் போகும் குடும்பங்களுக்குச் சங்கத்தில் ஓர் அச்சுப்பொறி இருப்பது பெரும் உதவி. ஆனால் அதை வாங்குவது எல்லோருடைய பணத்திலும் என்பதை மறக்கக்கூடாது.

எந்த வகை நல்லது?

எமது தேவைக்குக் கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறியே உகந்தது. இது திரவ மையைப் பாவிப்பதில்லை. டோனர் எனப்படும் நுண்ணிய பிளாஸ்ரிக் தூளை வெப்பத்தால் உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. ஆகவே மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்வதற்கு எதுவுமில்லை. மற்றொரு நன்மை, எழுத்து மழையில் கரைவதில்லை. பையோடு நனைந்த கடிதங்களை உலர்த்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மிகப் பழையதும் வேண்டாம். 1992 இல் வந்த எச்.பி. லேசர்ஜெற் 4 உழைப்புக்குப் பேர்போனது. ஆனால் அதன் பழைய அகலமான இணைப்பு இன்றைய கணனிகளில் இல்லை. யூ.எஸ்.பி. இணைப்புள்ளதாகப் பாருங்கள். உங்கள் கணனியோடு அது வேலை செய்வதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

தீனிச் செலவு

மாடு மலிவு, தீனி விலை என்றால் யார் வாங்குவார்? காட்றிஜ்தான் அச்சுப்பொறியின் தீனி. லேசர்ஜெற் 1010, 1018, 1020, 1022 ஆகிய நான்குக்கும் 12ஏ என்ற ஒரே காட்றிஜ் பொருந்தும். அது ஏறத்தாழ 2000 பக்கம் அச்சிடும். மாதம் 200 பக்கம் அச்சிடும் சங்கத்துக்கு 10 மாதம் போதும். காட்றிஜ் விலையை 2000 ஆல் வகுத்தால் ஒரு பக்கத்துக்கான டோனர் செலவு வரும். இந்த 2000 என்பது தாளில் நூற்றுக்கு 5 பங்கு இடத்தில் மட்டும் மை படும் என்று கொண்டு போட்ட கணக்கு. படங்களும் கறுப்புக் கட்டங்களும் கூடினால் பக்கங்கள் குறையும். அருகிலுள்ள பட்டணத்தில் காட்றிஜ் கிடைக்காத பொறியை இலவசமாகத் தந்தாலும் யோசித்தே ஏற்க வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. பின்புறத் தகட்டில் 220-240 வோல்ற் என்று இருக்கிறதா? யப்பானில் 100, அமெரிக்காவில் 120 வோல்ற் மின்சாரம். அங்கு விற்பதற்குச் செய்த பொறியை எமது 230 வோல்ற் மின்சாரத்தில் நேரே கொடுத்தால் எரிந்துவிடும்.

2. பல பொறிகள் தம் நிலவரத்தைக் காட்டும் பக்கமொன்றை அச்சிடும். இதுவரை அச்சிட்ட மொத்தப் பக்கங்கள் அதில் இருக்கும். இதுவே அதன் பல்.

3. ஒரு தாளோடு நிறுத்தாமல் 20 தாள் தொடர்ந்து அச்சிடச் சொல்லுங்கள். தாளை இழுக்காவிட்டால் றப்பர் உருளை தேய்ந்திருக்கலாம். இது சிறிய செலவு. விரலால் தேய்க்க எழுத்து உதிர்ந்தால் சூடாக்கும் பகுதி பழுது. இது பெரிய செலவு.

பராமரிப்பு

தூசிக்கும் பல்லிக்கும் எறும்புக்கும் தப்ப, ஆறிய பின் துணியால் மூடிவையுங்கள். மாரியில் தாள் ஈரம் உறிஞ்சிச் சுருண்டு சிக்கும். தாள்கட்டை அதன் உறையிலேயே, நிலத்தில் படாமல் வையுங்கள். தாள் சிக்கினால் மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, இரு கைகளாலும் மெதுவாக இழுங்கள். றப்பர் உருளையைச் சற்று ஈரமான துணியால் துடையுங்கள். பெற்றோல், தின்னர் கூடாது. காட்றிஜை வெயிலில் வைக்கவோ, அதன் பளபளப்பான உருளையைத் தொடவோ வேண்டாம். எழுத்து மங்கினால் காட்றிஜை எடுத்துப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள். இன்னும் சில பக்கங்கள் கிடைக்கும். சிந்திய டோனரை ஊதாமல் உலர்ந்த துணியால் துடையுங்கள். உடையில் பட்டால் குளிர்நீரில் கழுவுங்கள். சுடுநீர் தூளை உருக்கி ஒட்டவைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. பொறிக்குப் பொறுப்பாக ஒருவரை நியமித்து, அச்சிடும் பக்கங்களை ஒரு கொப்பியில் குறியுங்கள். பக்கத்துக்கு ஒரு சிறு தொகை அறவிட்டுத் தனியே சேர்த்தால், அடுத்த காட்றிஜுக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.