ரெயில் டிக்கெட்டில் 'கன்பார்ம்டு' என்றால் என்ன? பயணிகள் உஷார்!

'டிக்கெட் கன்பார்ம் ஆயிடுச்சா?' ரெயிலில் ஊருக்கு கிளம்புபவர்கள் வாயில் முதலில் வரும் கேள்வி இது. 'கன்பார்ம்டு' என்ற ஆங்கில சொல்லுக்கு 'உறுதி செய்யப்பட்ட' என்று பொருள். டிக்கெட்டில் இதை சுருக்கி 'சி.என்.எப்.' என்று போடுவார்கள். இது இருந்தால் படுக்கை உங்களுக்குத்தான்.

'ஆர்.ஏ.சி.' என்பது பாதி உறுதி. ரெயிலில் ஏறலாம். ஆனால் பக்கவாட்டு கீழ்படுக்கையில் 2 பேர் உட்கார்ந்து போக வேண்டும். யாராவது வராவிட்டால் படுக்கை கிடைக்கும்.

'டபிள்யூ.எல்.' என்றால் காத்திருப்போர் பட்டியல். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் டபிள்யூ.எல். என்றே இருந்தால் தானாக ரத்தாகி பணம் வங்கி கணக்குக்கு வந்து விடும். 'காசு கட்டியாச்சே' என்று ஏறினால், டிக்கெட் இல்லாத பயணிதான். அபராதம் கட்ட வேண்டும்.

கவுண்ட்டரில் எடுத்த டிக்கெட் தானாக ரத்தாகாது. ரெயில் கிளம்ப 30 நிமிடத்துக்கு முன்பே ரத்து செய்தால்தான் பணம் கிடைக்கும். அந்த டிக்கெட்டில் முன்பதிவில்லா பெட்டியில் மட்டுமே போகலாம்.

வீட்டை விட்டு கிளம்பும் முன் 139-க்கு போன் போட்டு, 10 இலக்க பி.என்.ஆர். எண்ணை சொல்லி 'கன்பார்ம்டா' என்று பார்த்து விடுங்கள். நடுராத்திரியில் பிள்ளை குட்டிகளோடு தவிக்க வேண்டியிருக்காது.