ஆலைக்குள் ஒரு கவசம்



அம்மி தேய்ந்து வழுவழுப்பானால் மிளகாய் அரைபடாது, வழுக்கும். அப்பொழுது உளிகொண்டு அதனைக் கொத்துவர். தாதுக்களை அரைக்கும் பெரிய ஆலைகளிலும் இத்தொல்லை உண்டு.

சென்னையிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் இருப்புப்பாதை ஜோலார்பேட்டையையும் பங்காரப்பேட்டையையும் தொட்டுக் கோலார் தங்கவயலுக்கு இட்டுச் செல்கிறது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அங்கே பொன், குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லில் நுண்துகளாகக் கலந்திருந்தது. கல்லைப் பொடியாக்கினாலன்றிப் பொன் கைக்கு வாராது. அக்கல்லோ கத்தியின் எஃகினும் கடியது.

இத்தகைய தாதுவை அரைப்பதற்குரிய கருவிகளுள் ஒன்று குண்டு ஆலை. படுக்கைவாட்டில் சுழலும் எஃகு உருளையினுள் தாதுவும் நீரும் எஃகுக் குண்டுகளும் இருக்கும். குண்டுகள் சுவரோடு மேலேறிக் கீழே விழுந்து தாதுவை நொறுக்கும். கல்லை உடைக்கும் அதே அடி ஆலையின் சுவரையும் தேய்க்குமன்றோ? உருளை ஓட்டையானால் ஆலையே பாழ். ஆகவே உட்புறம் முழுவதும் தகடுகளை மறையாணிகளால் பொருத்துகின்றனர். இந்த உட்கவசத்தையே தொழிலாளர் 'லைனர்' என்பர். தேய்வதெல்லாம் அது, உருளை பிழைக்கும்.

எனினும் அது வெறும் கவசமன்று. அதன் மேடுகளே குண்டுகளைத் தூக்கிவிடுகின்றன. மேடுகள் தேய்ந்தால் குண்டுகள் வழுக்கும். மின்சாரம் செலவாகும், தாது அரைபடாது. தகடு மாற்றவோ ஆலையை நிறுத்த வேண்டும். ஆட்கள் உருளைக்குள் நுழைந்து கனத்த தகடுகளைக் கழற்றிப் பூட்ட வேண்டும். இஃது ஆபத்து நிறைந்த வேலை. எனவே கவசம் நெடுநாள் உழைப்பது பொருளுக்கும் உயிருக்கும் நன்மை.

அதனை எதனால் செய்வது? 1882-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் இராபர்ட் ஹாட்ஃபீல்டு, ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீசு கலந்த எஃகைக் கண்டார். அடிபட அடிபட அதன் மேற்பரப்பு இறுகும். இருப்புப்பாதைகள் குறுக்கிடும் இடங்களிலும் அவ்வெஃகு பயன்படுகிறது. சக்கரங்களின் மோதலே அதனை உறுதியாக்குகிறது.

ஆனால் நுண்ணிதாக அரைக்கும் ஆலையில் அடி மெல்லியது; அங்கே மாங்கனீசு எஃகு போதிய அளவு இறுகாது, தேய்ந்துவிடும். அவ்விடத்தில் இரப்பர் சிறக்கிறது. ஒரு காலத்தில் அம்பத்தூரில் டன்லப் ஆலை டயர் செய்ததை அறிவீர்கள். சரளைச் சாலையில் டயர் அமுங்கி மீள்வதுபோல, இரப்பர்த் தகடும் அடியை வாங்கி மீள்கிறது. எடை குறைவு, ஓசையும் குறைவு. எனினும் கூரிய பெருங்கற்கள் அதனைக் கிழிக்கும், வெப்பம் கெடுக்கும்.

ஆதலின் பொறியாளர் முதலில் கேட்க வேண்டியது, "எது மிகக் கடினமானது?" என்பதன்று, "இங்கே விழும் அடி எத்தகையது?" என்பதே.