மறைத்து வைத்த விளக்கு

பிழையை மறைப்பதற்கு மாணாக்கர் செய்யும் தந்திரங்களை முப்பது ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். சிலர் பிழையின்மேல் மை சிந்துவர். சிலர் லகரமோ ளகரமோ என்று ஐயுறும்படி எழுத்தைச் சுழித்து விடுவர். அவர்களை நான் கண்டித்ததற்கு அளவில்லை. சென்ற மாரியிலே நானும் அத்தகைய தந்திரம் ஒன்றைச் செய்து அகப்பட்டுக்கொண்டேன். நான் மறைத்தது எழுத்தை அன்று. என் பழைய காரின் விளக்கு ஒன்றை.

கார் ஜப்பானில் 1997 ஆம் ஆண்டு செய்யப்பட்டது. என்னிடம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேலணையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாகக் கல்லூரிக்கு நாள்தோறும் அதிலேதான் போய் வருகிறேன். வழியின் இரு மருங்கும் கடல். உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை.

அந்தக் காரின் முகப்பிலே ‘ஏ.பி.எஸ்.’ என்னும் மூன்றெழுத்துப் பொறித்த மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. ‘சில்லு இறுகாமற் காக்கும் பிறேக்’ என்று அதற்குப் பொருள் கூறலாம். ஓடும் வண்டியிற் பிறேக்கை ஓங்கி மிதித்தால் சில்லுகள் சுழற்சி நின்று இறுகிவிடும், ரயர் சறுக்கும். முன்சில்லு சறுக்கும்போது வண்டி நாம் திருப்பும் பக்கம் திரும்பாது. இவ்வமைப்போ, இறுகப் போகின்ற சில்லின் பிறேக் எண்ணெய் அழுத்தத்தைச் செக்கனுக்குப் பல முறை தளர்த்தியும் ஏற்றியும் அதனைச் சுழல வைக்கின்றது. ஆகாய விமானங்களில் முன்னரே வழங்கிய கருத்து இது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய மின்னணு அமைப்பு 1978 இல் மேர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இடம்பெற்றது. பின்னர் எளியோர் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிந்து, சில செக்கன்களில் அணைந்துவிட வேண்டும். என் காரிலோ சிறிது தூரம் ஓடியதும் மீண்டும் எரியத் தொடங்கியது. நிறுத்தி மறுபடி இயக்கினால் அணையும், ஓடினால் எரியும். கராஜ் ஒன்றிற் காட்டினேன். கட்டுப்படுத்தும் பெட்டி பழுது என்றார்கள். அதன் விலை என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். என் முகம் வாடியதைக் கண்டு ஒருவர் ஆறுதல் சொன்னார்:

“உந்த லைற்றைக் கழட்டிவிட்டாப் போச்சு, ஐயா. பிறேக் பிடிக்குதெல்லே?”

அவர் கூற்றிலும் ஒரு பாதி உண்மை உண்டு. மஞ்சள் விளக்கு மாத்திரம் எரியும்போது காவல் அமைப்பு ஒதுங்கி நிற்கும். சாதாரண பிறேக் வேலை செய்யும். சிவப்புப் பிறேக் விளக்கும் உடன் எரிந்தாலோ வண்டியை நிறுத்திவிட வேண்டும். நான் விளக்கைக் கழற்றவில்லை. கறுப்பு ஒட்டுநாடாவில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினேன். ஐந்து மாதம் நிம்மதியாக ஓடினேன்.

மார்கழி மழை பெய்த ஒரு காலை. பாலர் பாடசாலைப் படலைக்கு முன் ஒரு சிறுமி மஞ்சட் குடையோடு வீதியைக் கடந்தாள். என் வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர்தான் இருக்கும். மெல்ல மிதித்தேன். மிதியடி காலின்கீழ்த் துடித்தது. அடியில் ஏதோ முனகியது. கார் நிற்கவில்லை, உருண்டது. குடைக்கும் காருக்கும் இடையே ஒரு முழம் இருக்கும்போது நின்றது. சிறுமி ஒன்றும் அறியாமற் படலைக்குள்ளே போய்விட்டாள். எனக்குக் கால் நடுங்கியது.

அன்று மாலையே வேறொரு மெக்கானிக்கைத் தேடிப் போனேன். தன் வீட்டு மாமரத்தின்கீழ் வேலை செய்யும் இளைஞர். காரில் ஏறியதும் ஒட்டுநாடாவை நகத்தாற் கிளப்பினார்.

“இதை ஆர் ஐயா ஒட்டினது?”

“நான்தான், தம்பி.”

அவர் மறுமொழி சொல்லவில்லை. என் சிவப்புப் பென்சில் ஒரு நாளும் அவ்வளவு கடுமையாக எழுதியதில்லை.

பொருளை அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். அந்த இளைஞர் அளவை நூல் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் செய்தவை அம்மூன்றுமே.

முதலிற் காட்சி. பிறேக் எண்ணெயின் மட்டத்தைப் பார்த்தார். பியூஸைப் பார்த்தார். பற்றரியின் வலுவை அளந்தார். வலுக் குறைந்தாலும் இவ்விளக்கு எரியுமாம். நான்கு ரயர்களும் ஒரே அளவினவோ என்று நோக்கினார். சில்லுகளுக்குச் செல்லும் வயர்களைத் தடவிப் பார்த்தார். குற்றம் காணவில்லை.

அடுத்தது உரை, காரின் வாய்மொழி. சோதனைப் பெட்டியில் உரிய இரு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்தார். விளக்கு மூன்று முறை சிமிட்டிற்று. சற்று நின்று ஒரு முறை சிமிட்டிற்று. 31. அவ்வகைக் காரின் அட்டவணையில் அது முன்புற வலச் சில்லின் வேகத்தை அறிவிக்கும் சென்சரைக் குறித்தது.

“அப்படியானால் சென்சரை மாற்றுவோம், தம்பி.”

“பொறுங்கோ ஐயா. வாற செய்தி பிழை எண்டுதான் அது சொல்லுது. செய்தி கொண்டு வாறவனிலை பிழை எண்டு சொல்லேல்லை.”

இந்த வேறுபாட்டை உரையாசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாமரத்தின்கீழ்க் கேட்டது அன்றுதான்.

சில்லோடு சுழலும் பற்கள் வைத்த வளையம் ஒன்று உண்டு. அதனருகே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சென்சர் அசையாது நிற்கும். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது சுருளிற் சிறு மின்துடிப்புத் தோன்றும். துடிப்புகளை எண்ணிப் பெட்டி சில்லின் வேகத்தை அறியும். அவர் இடச் சென்சரின் தடையையும் வலச் சென்சரின் தடையையும் அளந்தார். இரண்டும் ஆயிரம் ஓமுக்குச் சற்று மேல், வேற்றுமை இல்லை. ஆதலிற் சென்சர் நன்று. பின்னர் சில்லுகளை உயர்த்திக் கையாற் சுழற்றினார். இடப்பக்கம் அளவுகருவியின் முள் சீராக நின்றது. வலப்பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை துவண்டது. சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்புவித்து, உதாரணம் கேட்டால் தடுமாறும் மாணாக்கனைப் போல, நிற்கும்போது இல்லாத குற்றம் சுழலும்போது வெளிப்பட்டது.

டோர்ச் வெளிச்சத்தில் வளையத்தைக் காட்டினார். துரு உள்ளிருந்து தடித்து அதனைப் பிளந்திருந்தது. மயிரிழைப் பிளவுதான். ஆனால் அவ்விடத்தில் இரு பற்களின் இடைவெளி மற்றவற்றினும் அகன்றிருந்தது.

இனிக் கருதல். பிளவு கடக்கும்போது ஒரு துடிப்புத் தவறும். மெல்ல ஓடும் வேளையில் துடிப்புகள் இயல்பாகவே நலிந்தவை. செய்தி தவறியதைக் கண்ட பெட்டி, சில்லு இறுகிவிட்டது என்று முடிவு செய்து அதன் பிறேக்கைத் தளர்த்துகின்றது. இறுகாத சில்லை இறுகியதாகக் கொண்டது ஏதுப்போலி. பிழை மிகும்போது பெட்டியே ஐயுற்று விளக்கை ஏற்றி ஒதுங்கிவிடும். மீண்டும் இயக்கினால் மீண்டும் நம்பத் தொடங்கும். அந்தக் காலை அது நம்பிக்கொண்டிருந்த வேளை. விளக்கு ஐந்து மாதமாக என்னிடம் முறையிட்டது. அதன் வாயை நானே அடைத்திருந்தேன்.

வளையம் மாற்றப்பட்டது. கூலியும் சேர்த்து, அந்தப் பெட்டியின் விலையிற் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. பெட்டியில் ஒரு குற்றமும் இருக்கவில்லை.

பழைய கார் வாங்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். சாவியைத் திருப்பும்போது அம்மஞ்சள் விளக்கு எரிகின்றதா என்று பாருங்கள். எரிந்து அணையாவிட்டாற் குற்றம் உண்டு. எரியவே எரியாவிட்டால் என்னைப் போன்ற ஒருவர் அக்காரை முன்னர் வைத்திருந்தார் என்று ஐயுறுங்கள்.

ஒட்டுநாடாவின் பசை முகப்பில் இன்னும் இருக்கின்றது. துடைக்கவில்லை. மழை நாட்களில் அந்த மஞ்சட் குடையைக் காண்கிறேன். படலைக்கு இருபது முழம் முன்னதாகவே நிறுத்திவிடுகிறேன்.