எந்தப் பழுதுக்கு யாரை அழைப்பது?

குழாய் வாஷரை நாமே மாற்றலாம். தவறினால் வீணாவது தண்ணீர்தான். மின்சாரம் அப்படியன்று. மழைநீர் புகுந்த மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் வெள்ளம் வடிந்தாலும் சுவருக்குள் ஈரம் தங்கும். உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பிறகே மெயினைப் போட வேண்டும். பிழையின் விலை உயிர் என்றால், அது தேர்ந்தவரின் வேலை என்பதே என் அளவுகோல்.

கழிவுநீர்த் தொட்டிக்கு அந்த அளவுகோலும் போதாது. அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும். அனுபவசாலியும் தப்ப முடியாது. பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குபவருக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுகள் வரை சிறை. இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அடைப்பெடுக்க அழைக்க வேண்டியது இயந்திரத்தை. குறைந்த கூலிக்கு இறங்கச் சம்மதிக்கும் மனிதரை அல்ல.