காப்பிக் கடையும் இதமான மர்மக் கதையும்: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

காப்பிக் கடையைக் களமாகக் கொண்ட மர்ம நாவல்கள் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் பெரும் வாசகப் பரப்பைப் பெற்றுள்ளன. காப்பிக்குப் பெயர்பெற்ற காவிரிப் படுகையிலிருந்து துப்பறியும் கதையாசிரியர்கள் பலர் தோன்றியிருந்தும் தமிழில் அவ்வகை வேரூன்றவில்லை. அதற்கான காரணத்தைக் காப்பிக் கடையின் சமூக வரலாற்றில் தேட வேண்டும் என்பதை, தேவனின் 'துப்பறியும் சாம்பு' கதைகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் கதை, இதமான மர்ம நாவல், தேவன், காப்பி கிளப், தஞ்சை.

முன்னுரை

ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என வழங்கப்பெறும் நாவல்வகைக்குத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. இக்கட்டுரை அதனை 'இதமான மர்ம நாவல்' எனக் குறிக்கிறது. இவ்வகையில் குற்றம் நிகழும். ஆயினும் குருதி காட்டப்படுவதில்லை. துப்பறிபவர் காவல்துறையினர் அல்லர். கடை நடத்துபவராகவோ நூலகராகவோ ஓய்வுபெற்றவராகவோ இருப்பார். ஐயத்திற்குரியோர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்தினர். இறுதியில் உண்மை வெளிப்பட, குலைந்த ஒழுங்கு மீளும்.

இவ்வகையின் கிளைகளுள் ஒன்று காப்பிக் கடை மர்மம். கிளியோ காயில் என்னும் புனைபெயரில் ஆலிஸ் அல்ஃபோன்சி, மார்க் செரசினி என்ற தம்பதியர் 2003 முதல் எழுதிவரும் வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் உள்ளதாகப் புனையப்பட்ட ஒரு காப்பிக் கடையின் மேலாளர் கிளேர் கோஸி அதில் துப்பறிகிறார். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கதையோடு காப்பி தயாரிப்புக் குறிப்புகளும் சமையல் குறிப்புகளும் நூலில் இடம்பெறுகின்றன. ஜப்பானில் 2012இல் தகுமா ஒகாசாகி தொடங்கிய வரிசை கியோட்டோ நகரத்துச் சிறு காப்பிக் கடை ஒன்றைக் களமாகக் கொண்டது. அங்குக் கொலை நிகழாமலே மர்மம் உருவாகிவிடுகிறது.

காலையில் வடிகட்டியில் டிகாக்ஷன் இறங்கும் ஒலியோடு விழிக்கும் வீடுகள் நிறைந்த தஞ்சை, கும்பகோணம் பகுதியிலிருந்து இத்தகைய கதைகள் ஏன் பிறக்கவில்லை? அங்கு எழுத்தாளருக்கும் பஞ்சமில்லை, காப்பிக்கும் பஞ்சமில்லை. ஆதலின் விடை வேறிடத்தில் இருக்க வேண்டும்.

இதத்தின் இலக்கணம்

ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் துப்பறியும் கதை குறித்து எழுதிய கட்டுரை இன்றளவும் பயன்படத்தக்கது. களங்கமற்றதாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் ஒரு சிறு சமுதாயத்தில் கொலை நிகழ்கிறது. அதனால் அனைவர்மீதும் குற்றநிழல் படிகிறது. உண்மையான குற்றவாளி இனங்காணப்பட்டதும் மற்றவர்கள் மீண்டும் களங்கமற்றவர் ஆகின்றனர். வாசகர் அடையும் நிறைவு இதில்தான் உள்ளது என்பது அவர் வாதத்தின் சாரம். கதை நிகழும் இடம் எவ்வளவு நல்லிடமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் குற்றம் உறுத்தும் என்பதால், அவ்விடத்தைச் சுட்ட ஹென்றி ஜேம்ஸின் சிறுகதைத் தலைப்பொன்றை அவர் கையாள்கிறார். 'பெரிய நல்லிடம்' என அதனைத் தமிழாக்கலாம். வியப்பான செய்தி என்னவெனில், அமெரிக்கச் சமூகவியலர் ரே ஓல்டன்பர்க் 1989இல் காப்பிக் கடை, முடிதிருத்தகம், மதுக்கூடம் ஆகியவற்றை வீடும் பணியிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்' என விளக்கியபோது தம் நூலுக்கு இதே தலைப்பைச் சூட்டினார். கொலைக்கதையின் களமும் காப்பிக் கடையும் ஒரே பெயரைப் பெற்றது தற்செயலாக இருக்கலாம். ஆனால் காப்பிக் கடை மர்மத்தின் ஈர்ப்பை அது தெளிவாக விளக்குகிறது.

அவ்வீர்ப்பின் உட்பொறி பழக்கத்தைப் பற்றிய அறிவு. நாள்தோறும் வருபவர் எங்கு அமர்வார், சர்க்கரை வேண்டுமா வேண்டாமா, யாருடன் பேசுவார், எப்போது எழுவார் என்பதைக் கடைக்காரர் அறிவார். ஒருநாள் அது மாறினால் அதுவே தடயம். தடயவியல் கூடமோ கைரேகையோ தேவையில்லை. மனிதரைக் கவனித்த கண் போதும். தன்னை ஒருவர் அவ்வளவு கவனிக்கிறார், தான் வராவிட்டால் ஒருவர் தேடுவார் என்ற உணர்வே வாசகருக்கு இதமளிக்கிறது என்பது என் கருத்து. புதிரை அவிழ்க்கும் மகிழ்ச்சி அதற்கு அடுத்த நிலையிலேயே வைக்கத்தக்கது. ஆயினும் இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. கதையின் மாந்தர் அனைவரும் அக்கடையில் அமர இயல வேண்டும்.

படுகையில் காப்பியும் அதன் இருக்கைகளும்

நெல் விளையும் நாட்டின் காலை உணவு நெடுங்காலம் பழைய சோறும் நீராகாரமுமாக இருந்தது. அவ்விடத்தைக் காப்பி எவ்வாறு கைப்பற்றியது, அது குறித்து எத்தகைய பதற்றங்கள் எழுந்தன, காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் எவ்வாறு பிரிந்தன என்பவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வாய்வு இக்கட்டுரைக்கு அடித்தளம்.

அன்று காப்பி விற்ற கடைக்கு வழங்கிய பெயர் 'காப்பி கிளப்'. உறுப்பினர் மட்டும் நுழையத்தக்க இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இங்குக் கடைப்பெயரானது ஒரு வகையில் பொருத்தமே. 'பிராமணாள்' என்னும் பலகை தாங்கிய கடைகளில் யார் உள்ளே அமரலாம், யார் வெளியே நின்று வாங்க வேண்டும் என்பது எழுதப்பட்டும் எழுதப்படாமலும் விதியாக இருந்தது. இப்பலகைக்கு எதிரான போராட்டத்தின் புகழ்பெற்ற நிகழ்வு படுகைக்கு வெளியே நடந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு பெரியாரின் திராவிடர் கழகத்தினர் தொடர் மறியல் செய்தனர். சிற்றூர்த் தேநீர்க்கடைகளிலோ ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிக்குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை நிலவியது. அன்னியரும் அண்டையரும் ஒரே மேசையில் கலந்து அமரும் 'மூன்றாம் இடம்' என்ற கருத்தை இக்கடைகளின்மீது அப்படியே ஏற்ற இயலாது. ஐயத்திற்குரியோர் அனைவரும் அமரவியலாத கடையில் இதமான மர்மக் கதையின் சிறு வட்டம் உருவாவது அரிது. உருவானாலும் அது ஒரு சாதியாரின் வட்டமாகவே அமையும்.

வடுவூரார்: இதமற்ற வீடு

தமிழில் துப்பறியும் கதை 1894இல் பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் கதைகளுடன் தொடங்கி, 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வாயிலாகப் பரவலான வாசிப்பைப் பெற்றது. அடுத்து வந்த வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். 'கும்பகோணம் வக்கீல்' போன்ற நாவல்களின் தலைப்பிலேயே படுகை இருக்கிறது. திகம்பர சாமியார் என்னும் துப்பறிவாளரைப் படைத்தவரும் அவரே.

எனினும் அவர் கதைகளில் இதம் இல்லை. 1935இல் திரைப்படமாகவும் வந்த 'மேனகா'வில் கதைத்தலைவிக்கு எதிரான சதி புகுந்த வீட்டிலேயே பின்னப்படுகிறது. வீடே ஆபத்தின் இருப்பிடம். பெண்ணின் மானம் காக்கப்படுமா என்ற அச்சம் பக்கந்தோறும் வாசகரை இழுத்துச் செல்கிறது.

தேவன்: இதம் வீட்டிற்குள் வந்தமை

இதனை மாற்றியவர் தேவன் என்னும் ஆர். மகாதேவன். 1913இல் கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரில் பிறந்து, ஆனந்த விகடனில் பணியாற்றி, 1957இல் தம் நாற்பத்து நான்காம் வயதுக்குள்ளாகவே மறைந்தவர். ஒரு கொலை வழக்கு விசாரணையையே நாவலாக்கிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'சி.ஐ.டி. சந்துரு' எனக் குற்றக் கதைகள் சிலவற்றை அவர் எழுதினார். ஆயினும் 1940களில் விகடனில் வந்த 'துப்பறியும் சாம்பு' கதைகளே தமிழின் முதல் இதமான மர்மக் கதைகள் என்று கொள்ளத்தக்கன.

சாம்பு வங்கியில் எழுத்தராக இருந்தவர், வழுக்கைத் தலையும் நீண்ட மூக்குமாகத் தோற்றத்தாலேயே நகைப்பூட்டுபவர், அறிவுக்கூர்மை அற்றவர். அவர் உளறுவது குறிப்பாகக் கொள்ளப்படுகிறது; தடுக்கி விழுந்தால் விழுந்த இடத்தில் களவுப் பொருள் கிடைக்கிறது. இன்ஸ்பெக்டர் கோபாலன் அவரை மேதை என நம்புகிறார். மனைவி வேம்பு வந்தபின் குடும்பமும் கதைக்குள் நுழைகிறது. குற்றங்களும் பெரும்பாலும் நகைத் திருட்டு, ஆள்மாறாட்டம் என்ற அளவில் நிற்கின்றன.

ஆய்வாளர்கள் சாம்புவை நகைச்சுவை என்ற தலைப்பின்கீழ் வைத்துக் கடந்துவிடுவது வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் சிற்றூர் வாழ்வில் கற்ற மனித இயல்பைக் கொண்டு உண்மையை எட்டுகிறார். அங்கு ஒழுங்கை மீட்க அறிவு தேவைப்படுகிறது. தேவனின் உலகிற்கு அதுவும் தேவையில்லை. ஒரு பேதை நல்லெண்ணத்தோடு நடந்து சென்றாலே பொய் தானாக அவிழ்ந்துவிடுகிறது. உலகமே உண்மையின் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்ற நம்பிக்கை இக்கதைகளின் அடிநாதம். இதத்தின் உச்சநிலை இது எனலாம். 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் சென்னைவாசிகள் பெருமளவில் வெளியேறிச் சொந்த ஊர்களை நாடிய காலச்சூழலையும், பின்னர் வந்த உணவுப் பங்கீட்டையும் நினைவிற்கொண்டால் அந்நம்பிக்கைக்கு அன்றிருந்த தேவை புலப்படும்.

இக்கதைகளின் வட்டம் எது? கதைக்களம் சென்னை, ஆனால் பழகும் முறை பெரிதும் படுகையின் அக்கிரகாரத்தினுடையது. தஞ்சை மாவட்டத்திலிருந்து கல்விக்கும் உத்தியோகத்திற்கும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் விகடனின் வாசகர்களுள் கணிசமானவை. திண்ணையும் கூடமும் அடுக்களையும் அவர்களுக்குக் கதையின் மூன்றாம் இடமாயின. வந்தவருக்குக் காப்பி கொடுப்பது அங்கு விருந்தோம்பலாகவும் விசாரணையாகவும் ஒருங்கே அமையும். கடையில் தொழிற்பட வேண்டிய பழக்கத்தைப் பற்றிய அறிவு இவ்வாறு வீட்டிற்குள் வந்து சேர்ந்தது. வடுவூராரின் வீட்டில் இருந்த அச்சம் தேவனின் வீட்டில் நகையாக மாறியதும் இதனாலேயே.

தேநீர் அருந்தும் துப்பறிவாளர்

பிற்காலத்துத் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திச் சிந்திப்பவர். காப்பியிலிருந்து தேநீருக்கு மாறிய இம்மாற்றத்தை ஆசிரியரின் தனி விருப்பம் என்று ஒதுக்கிவிடலாம். எனினும் அக்கிரகார வீட்டின் நெடியற்ற, எவ்வூரினர் என்று கூறவியலாத நாயகனுக்கு அது பொருந்தியது என்பதைக் குறிப்பிட வேண்டும். படுகையின் கடைமடைப் பகுதியான பட்டுக்கோட்டையிலிருந்து வந்த பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா இணை, வீட்டை விடுத்து ஓர் அலுவலகத்தைத் தன் வட்டமாக்கிக்கொண்டது. அவ்விருவரின் சீண்டல் பேச்சுக்காகவே மாத நாவல்களை வாங்கியவர் உண்டு. அதுவும் இதத்தின் ஒரு வடிவமே.

இதம் நிற்கும் எல்லை

இவ்வகை குறித்து எழுதும்போது தஞ்சையின் மற்றொரு குற்றத்தை விலக்கிவைக்க முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வுப் போராட்டத்தை ஒட்டி 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கீழமை நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' இந்நிகழ்வைக் கருவாகக் கொண்டது. துப்பறியும் கதையின் கேள்வியான 'யார் செய்தது' என்பதற்கு அங்கு வேலையில்லை. ஊரே அறிந்த ஒன்றை நிறுவ முடியாமற்போவதே அங்குள்ள சிக்கல். ஆடன் கூறிய மீட்சி நிகழவில்லை.

ஆகவே இதமான மர்மக் கதை பொய்யானது, ஒதுக்கத்தக்கது என்று முடிவுகட்டுவோரும் உள்ளனர். அது அவசர முடிவு. களைத்த மனம் சிறிது நேரம் ஒழுங்கான உலகில் இளைப்பாற விரும்புவது குற்றமாகாது. சாம்புவைப் படித்துச் சிரித்த தலைமுறையினர் அனைவரும் சமூகக் கண்ணற்றவர் என்றும் கூற இயலாது. கேட்க வேண்டிய கேள்வி, அவ்வுலகின் வட்டத்தில் யாருக்கு இருக்கை இடப்பட்டது என்பதே. இதனைப் பனுவலுக்குள் எழுப்ப முடியும்: சாம்பு கதைகளில் பணியாளர், வண்டிக்காரர் முதலியோர் எவ்விடத்தில் தோன்றுகின்றனர், ஐயம் முதலில் யார்மீது விழுகிறது, அவ்வையம் எவ்வாறு நீங்குகிறது என்று கதைதோறும் பட்டியலிட்டால் விடை கிடைக்கும்.

இன்று சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோரம் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகையோடு வரிசையாகக் கடைகள் உள்ளன. பித்தளை டபரா, டம்ளர் அங்கு எல்லோர் கைக்கும் வருகின்றன. ஆனால் அனைவரும் வழிப்போக்கர், ஒருவர் பழக்கத்தை மற்றொருவர் அறியார். படுகையின் ஊர்க்கடைகளிலோ பழக்கத்தை அறிந்தோர் இன்னும் உள்ளனர். இருக்கைகளும் முன்னைவிட நெகிழ்ந்துள்ளன. தஞ்சையைக் களமாகக் கொண்டு காப்பிக் கடை மர்மம் ஒன்றை இனி எழுதுபவர், கல்லாவில் இருப்பவரின் நினைவிலிருந்து, இன்னார் முன்பு எங்கு நின்று காப்பி வாங்கினார் என்பதையும் ஒரு தடயமாகக் கொள்ளலாம்.