சித்தப்பாவுக்கு ஒரு புதுக்குடல் வளருமா?

2009இல் ஷெல் துண்டு பட்டதால் சித்தப்பாவின் சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி அகற்றினார்கள். இன்றும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார். ஆய்வுகூடத்தில் மனிதக் குடல் வளர்க்கிறார்கள் என்று சொல்லும் காணொளி ஒன்றை அண்மையில் எனக்குக் காட்டி, “எனக்கும் ஒண்டு வளர்த்துத் தருவாங்களோ?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

குடலின் உட்சுவர் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதிலுள்ள நுண்ணிய குழிகளின் அடியில் இருக்கும் தண்டுக்கலங்கள்தான் பெருகிப் பெருகி இதைச் செய்கின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்குழு 2007இல் இவற்றை அடையாளம் கண்டது. அக்குழுவில் இருந்த ஜப்பானியரான தொஷிரோ சாட்டோ, 2009இல் எலியின் ஒரேயொரு தண்டுக்கலத்தில் இருந்து குட்டிக் குடலமைப்பை வளர்த்துக் காட்டினார். 2011இல் மனிதத் திசுவிலும் அது கைகூடியது. இதைத்தான் ஒர்கனொயிட் என்கிறார்கள்.

புற்றுநோய்க்காகக் குடலை வெட்டும்போது கட்டியோடு அதன் அருகிலுள்ள நல்ல பகுதியும் அகற்றப்படும். நோயாளி சம்மதித்தால் அதில் ஒரு துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகும். கொழுப்பையும் தசையையும் நீக்கி, உட்சுவரைக் கழுவிச் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். கலங்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் கல்சியத்தை அகற்றும் திரவத்தில் ஊறவைத்துக் குலுக்கினால், அந்தக் குழிகள் கழன்று வரும். அவற்றை மட்ரிஜெல் எனும் கூழில் கலந்து துளித்துளியாக இடுவார்கள். குளிரில் திரவமாக இருக்கும் அந்தக் கூழ் 37 பாகை செல்சியஸில் இறுகும். அதன்மேல் வளர்ச்சிக் காரணிகள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். சில நாட்களில் உட்புறம் வெறுமையான சிறு உருண்டைகள் தோன்றும். கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒருமுறை உடைத்துப் புதிய கூழில் இட்டால் மாதக்கணக்கில் பெருகும். உறையவைத்தும் பாதுகாக்கலாம்.

ஆனால் இந்த உருண்டையில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, உணவைத் தள்ளும் தசையும் இல்லை. இன்று இது பெரும்பாலும் சோதனைக்கே பயன்படுகிறது. சிஸ்டிக் பைப்ரோசிஸ் எனும் பரம்பரை நோய் உள்ளவரின் மலக்குடலில் கிள்ளியெடுத்த திசுவில் இருந்து வளர்த்த உருண்டைகள், மருந்து கொடுத்துத் தூண்டியதும் வீங்கினால், அம்மருந்து அவருக்கு உதவக்கூடும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள்.

சித்தப்பாவின் கேள்விக்குக் கிட்ட வருவது சாட்டோவின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு. எலிகளின் பெருங்குடல் உட்சுவரை அகற்றிவிட்டுச் சிறுகுடல் ஒர்கனொயிட்டுகளை அங்கே வளரவிட்டபோது, அந்தப் பகுதி சிறுகுடலைப் போல உறிஞ்சத் தொடங்கியது. 2022இல் டோக்கியோவில் பெருங்குடல் புண் நோயாளி ஒருவருக்கு, அவரது திசுவில் இருந்தே வளர்த்த ஒர்கனொயிட் வைக்கப்பட்டது. புண்ணை ஆற்றும் முயற்சி அது. வெட்டிய குடலின் நீளத்தை அது திருப்பித் தராது.

“இப்ப ஏலாது சித்தப்பா. ஆராவது காசு வாங்கிக்கொண்டு செய்து தாறம் எண்டால் நம்பாதேங்கோ” என்றேன்.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தவர், “அப்ப என்ரை துண்டை எங்கை போட்டிருப்பாங்கள்?” என்றார்.

அந்த நாட்களில் அதைக் கேட்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. இன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால், வெட்டியெடுக்கும் திசு எங்கே போகும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஆய்வுக்குக் கொடுக்க விரும்பினால் படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விருப்பமில்லையென்றால் மறுத்துவிடுங்கள்.